பாயிண்ட் நிற்கும் நாய்: குட்டி வாங்குவதிலிருந்து முதல் வேட்டைப் பருவம் வரை

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் நாய்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேட்டை நாய் என்றால் இரையைக் கண்ணால் கண்டு, விரட்டி, வாயில் பிடிக்கும் நாய். பறவை நாய் வேறு சாதி. அது மூக்கால் தேடும். காற்றில் காடையின் வாடை கிடைத்த நொடியில் முழு ஓட்டத்தையும் அப்படியே நிறுத்தும். ஒரு முன்னங்கால் மடங்கி, வால் விறைத்து, மூக்கு முன்னால் நீண்டு, உடம்பு முழுவதும் நடுங்கியபடி நிற்கும். இந்த நிலைக்குத்தான் 'பாயிண்ட்' என்று பெயர். பத்துப் பன்னிரண்டு காடைகள் புல்லடியில் வட்டமாக ஒடுங்கிக் கிடப்பதை, ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காமலே நாய் சொல்லிவிடுகிறது. வேட்டை முடிந்து வண்டியைச் சுற்றி நிற்பவர்களின் பேச்சைக் கவனித்தால் தெரியும்: எத்தனை பறவை விழுந்தது என்பது சீக்கிரம் முடிந்துபோகும், எந்த நாய் எவ்வளவு தூரத்திலிருந்து வாடை பிடித்தது, எத்தனை நிமிடம் அசையாமல் நின்றது என்பது இருட்டும் வரை ஓடும்.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 காரணமாக இந்த வேட்டைக்கு இடமில்லை. இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவை வைத்து. அங்கே பறவை நாய்களுக்கான முதல் களப்போட்டி 1874-ல் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் அருகே நடந்தது. 1896-ல் தொடங்கிய தேசியப் போட்டியில் ஒவ்வொரு சுற்றும் மூன்று மணி நேரம். நடுவர்கள் குதிரைமேல் வருவார்கள். புதிதாக நாய் வளர்க்க வருபவருக்கு அந்த உயரம் தேவையில்லை. ஒன்றரை வயதில், உங்களோடு சேர்ந்து தேடி, வாடை பிடித்து, பறவை எழும்வரை நிற்கும் நாய் போதும். அதற்கான வழி இது.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நிற்கும் குணம் ரத்தத்தில் வருவது. அதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது, கெடுக்க மட்டும் முடியும். நாய்க்கு வாத்தியார் பறவை. மனிதன் செய்வது, அந்த வாத்தியாரிடம் சரியான நேரத்தில் கொண்டுபோய் விடுவது.

எந்த இனம், எந்த ஈத்து

இங்கிலீஷ் பாயிண்டரும் இங்கிலீஷ் செட்டரும் அமெரிக்கத் தென்மாநிலக் காடை நிலங்களின் அரசர்கள். போட்டி வம்சத்தில் வந்த பாயிண்டர் சில நூறு கெஜம் தள்ளி ஓடித் தேடும். பின்னால் குதிரையில் போகிறவருக்கு அது அழகு. நடந்து போகிறவருக்குத் தலைவலி. நடை வேட்டைக்கு வரும் புதியவர்களுக்கு 30 முதல் 40 பவுண்டு எடையுள்ள பிரிட்டனி, அல்லது 45 முதல் 70 பவுண்டு வரை வரும் ஜெர்மன் ஷார்ட்ஹேர்ட் பாயிண்டர் பொருத்தம். இரண்டும் ஆளை அடிக்கடி திரும்பிப் பார்த்துத் தேடும், தண்ணீரில் இறங்கும், விழுந்த பறவையைக் கொண்டுவரும்.

இனத்தின் பெயரை மட்டும் நம்பி வாங்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. ஒரே இனத்துக்குள் கண்காட்சி வம்சம், கள வம்சம் என்று இரண்டு பிரிந்து பல தலைமுறை ஆகிவிட்டது. செட்டர்களில் இந்தப் பிளவு பார்த்தாலே தெரியும்: கண்காட்சிச் செட்டர் பெரிய உடம்பு, தரையைத் தொடும் முடி, களச் செட்டர் சிறிய உடம்பு, குறைந்த முடி, அடங்காத கால். ஆகவே குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயையும் தகப்பனையும் களத்தில் பார்க்கக் கேளுங்கள். தாய் பறவையின் வாடைக்கு நிற்பதைக் காட்ட மறுக்கும் வளர்ப்பாளரிடம் வாங்க வேண்டாம்.

கேட்க வேண்டிய காகிதங்கள்: பெற்றோர் இருவருக்கும் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே சான்று (இந்த எக்ஸ்ரேக்களைத் தரப்படுத்தும் ஓ.எஃப்.ஏ. அமைப்பு இறுதித் தரத்தை 24 மாதம் முடிந்த பிறகுதான் தரும்), செட்டருக்குக் காது கேட்கும் திறன் சோதனை, ஷார்ட்ஹேர்டுக்குப் பகலில் பார்வை மங்கும் பரம்பரைக் கண்நோய்க்கான டிஎன்ஏ சோதனை, ஏ.கே.சி. (அமெரிக்கன் கென்னல் கிளப்) அல்லது ஃபீல்ட் டாக் ஸ்டட் புக் என்ற வம்சாவளிப் பதிவேட்டில் பதிவு. வம்சாவளித் தாளில் பெயருக்கு முன்னும் பின்னும் வரும் பட்டங்கள் தாத்தா பாட்டியோடு நின்றுபோய், அப்பா அம்மா இடம் வெறுமையாக இருந்தால் யோசிக்க வேண்டும்.

நல்ல ஈத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதற்குள் எந்தக் குட்டி என்பது பெரிய கேள்வி இல்லை. மூலையில் ஒடுங்குவதையும், மற்றவற்றைக் கடித்து அடக்குவதையும் விட்டுவிட்டு நடுவில் உள்ள ஒன்றை எடுங்கள். ஏழு வாரம் முடிந்த பிறகு வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

எட்டு வாரம் முதல் நான்கு மாதம் வரை

இந்தக் காலத்தில் வேலை மூன்றே: கூண்டில் உறங்கப் பழகுவது, கூப்பிட்டால் வருவது, உலகத்தைக் கண்டு பயப்படாதிருப்பது. உயரமான புல், ஓடை, முள்வேலி, மாடு, அந்நிய மனிதர்கள் எல்லாம் நான்கு மாதத்துக்குள் குட்டிக்குப் பழகிவிட வேண்டும். தினமும் 15 நிமிடம் கழுத்துக் கயிறு இல்லாமல் வயலில் நடங்கள். நீங்கள் திசை மாறும்போது குட்டி தானாகவே உங்களைத் தேடித் திரும்பும். பெரிதானபின் கூப்பிட்டுக் களைக்க வேண்டிய அவசியத்தைப் பாதி குறைக்கும் பழக்கம் இது.

பெயர் வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. நாயை நிறுத்தும் கட்டளை 'வோ'. ஜோ, ரோ, போ என்று அதே ஓசையில் முடியும் பெயர் வேண்டாம். தமிழ் பேசும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்: நாள் முழுக்க 'போ, போ' என்று குட்டியை விரட்டிக்கொண்டிருந்தால், பின்னால் 'வோ' என்ற சொல்லுக்கு அது காது கொடுக்காது. வீட்டில் எல்லோரும் அதே நான்கைந்து கட்டளைச் சொற்களை மட்டும் பயன்படுத்துவது நல்லது.

தூண்டில் கம்பின் நுனியில் காடை இறகைக் கட்டி அசைத்து, குட்டி நிற்பதை வீடியோ எடுக்காதவர் குறைவு. இரண்டு மூன்று முறை போதும், நிறுத்திவிடுங்கள். இறகு விளையாட்டில் குட்டி கண்ணால் பார்த்து நிற்கிறது. அதையே தொடர்ந்தால் களத்திலும் பறவையைக் கண்ணால் தேடி, நெருங்கி நெருங்கிப் போய்க் கிளப்பிவிடும்.

கயிறு இழுக்கும் விளையாட்டு கூடவே கூடாது. கொண்டுவரும் பறவையை நசுக்கும் வாய் அங்கேதான் உருவாகிறது. பழைய காலுறையைச் சுருட்டி, இருபக்கமும் கதவு மூடிய நடைவழியில் எறிந்தால் குட்டிக்கு உங்களிடம் திரும்பிவருவதைத் தவிர வேறு வழி இருக்காது. நாளுக்கு மூன்று எறிதல், அதற்கு மேல் வேண்டாம். ஆசை தீரும் முன்பே நிறுத்த வேண்டும்.

பறவை அறிமுகம்

மூன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள் உயிர்ப் பறவை. முதலில் பாப்ஒயிட் காடை, பிறகு புறா. ஆண் ஃபெசன்ட் கோழியை முதல் பறவையாக வைக்கவே கூடாது. அதன் சிறகடியும் கால்முள்ளும் பட்ட குட்டி மாதக்கணக்கில் பறவை என்றாலே ஒதுங்கும்.

குட்டைப் புல்லில் காடையை வைத்து, காற்று பறவையிலிருந்து குட்டியை நோக்கி வரும் பக்கமாகக் கொண்டுவாருங்கள். எதுவும் பேச வேண்டாம். குட்டி பாய்ந்தாலும், கிளப்பினாலும், அரை மைல் துரத்தினாலும் விட்டுவிடுங்கள். இந்த வயதில் துரத்துவது தவறில்லை. துரத்தத் துரத்தத்தான் ஆசை ஏறும். பின்னால் நீங்கள் போடப்போகும் கட்டுப்பாட்டைத் தாங்கிக்கொள்ள அந்த ஆசை மட்டுமே கைகொடுக்கும். இங்கேயே கயிற்றை இழுத்து, அதட்டி, நிற்க வைத்தவர்களின் நாய்கள் ஒரு வயதில் பறவையின் வாடை தெரிந்தும் தெரியாததுபோல் வளைந்து போகும். இந்த ஒதுங்கலைத் திருத்துவது கடினம், பல நாய்களில் முடியாமலே போகும்.

பறவை எங்கிருந்து வரும் என்பது புதியவர்களை மலைக்க வைக்கும் கேள்வி. தரையிலிருந்து சற்று உயர்த்திய, அடியில் அரை அங்குலக் கம்பிவலை போட்ட சிறு கூண்டில் 20 முதல் 30 பாப்ஒயிட் காடைகளை வளர்க்கலாம். பயிற்சிக்குப் பாதியை விட்டுவிட்டு மீதியை உள்ளேயே வைத்தால், உள்ளே இருப்பவை சாயங்காலம் குரல் கொடுக்கும். வெளியே போனவை அந்தக் குரலுக்குத் திரும்பி, புனல் வடிவக் கம்பி வழியே தாமாகவே உள்ளே நுழைந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் கூப்பிட ஆளில்லாமல் ஒன்றும் திரும்பாது. இறைச்சிக்கு வளர்க்கும் ஜப்பான் காடை மலிவாகக் கிடைக்கும், ஆனால் கூட்டம் சேராது, திரும்பாது. ஹோமர் புறாக்கள் இன்னும் எளிது. சென்னையில் பந்தயப் புறா வளர்ப்பவர்களைப் பார்த்திருந்தால் வேலை புரிந்துவிடும்: கூட்டில் பழகிய புறா பயிற்சி முடிந்து பறந்ததும் வீட்டுக்கு வந்து காத்திருக்கும். ஒரே ஆறு புறாக்களை வைத்து ஆண்டு முழுவதும் நாய் பழக்கலாம்.

காடை, ஃபெசன்ட் வைத்திருக்கவும் விடவும் பல மாநிலங்களில் அனுமதிச்சீட்டு வேண்டும். வசந்தத்திலும் கோடையிலும், முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் மாதங்களில், காட்டுப் பறவைகள்மேல் நாயைப் பழக்குவதற்கும் பல இடங்களில் தடை உண்டு. மாநில வனவிலங்குத் துறையின் விதியைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

துப்பாக்கிச் சத்தம்

வெடிக்குப் பயப்படும் நாய் பிறப்பதைவிட உருவாக்கப்படுவதே அதிகம். ஜூலை 4 சுதந்திர தின வாணவேடிக்கைக்கும், துப்பாக்கி சுடும் மைதானத்துக்கும் 'பழகட்டும்' என்று குட்டியைக் கூட்டிப்போவது இந்தத் தவறுகளில் முதலாவது. சத்தம் தனியாக வரக்கூடாது. பறவையோடு சேர்ந்து வர வேண்டும்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குட்டியோடு, மற்றவர் சுமார் 100 கெஜம் தள்ளி,.22 வெற்றுத் தோட்டா பிஸ்டலோடு. குட்டி பறவையைக் கிளப்பி முழு வேகத்தில் துரத்தும்போது ஒரே ஒரு வெடி. குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால் சரி. அன்றைக்கு அதோடு முடிந்தது. அடுத்தடுத்த நாட்களில் தூரத்தைப் பத்துப் பதினைந்து கெஜமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். காது பின்னால் மடங்குகிறதா, வால் இறங்குகிறதா, துரத்தல் தளர்கிறதா என்று குட்டியோடு இருப்பவர் பார்க்க வேண்டும். ஒன்று தென்பட்டாலும் பிஸ்டலைப் பைக்குள் வைத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் வெறும் பறவை மட்டும். பிஸ்டல் பக்கத்தில் வந்தும் கவலையில்லை என்றான பிறகு, மறுபடி 100 கெஜத்திலிருந்து சிறிய ஷாட்கன் (.410 அல்லது 20 கேஜ்). குட்டி பயந்தபிறகு, 'இன்னொரு முறை பார்ப்போம்' என்று உடனே மறுபடி சுடுவது நிலைமையை மோசமாக்கும்.

'வோ': நிற்கச் சொன்னால் நிற்பது

ஆறேழு மாதமாகி, பறவைமேல் வெறி வந்த பிறகுதான் இந்தப் பாடம். பறவையே இல்லாத இடத்தில், முற்றத்தில், தொடங்க வேண்டும். கட்டளையின் அழுத்தமும் பறவையின் வாடையும் ஒரே நேரத்தில் வந்தால் நாய் பறவையைக் குற்றம் சொல்லும், உங்களை அல்ல.

தேவையானவை: 2 அடிக்கு 4 அடி பலகை ஒன்று, 20 முதல் 30 அடி நீளக் கயிறு, கையுறை. கயிறு விறைப்பான நைலானாக இருந்தால் புதரில் சிக்காது. நுனியில் முடிச்சோ வளையமோ போட வேண்டாம். கையுறை இல்லாமல் ஓடும் நாயின் கயிற்றைப் பிடித்தவருக்கு உள்ளங்கைத் தோல் மிஞ்சாது.

1. நாயைக் குறுகிய கயிற்றில் பலகைமேல் நடத்திக் கொண்டுவந்து நிறுத்துங்கள். சொல் எதுவும் வேண்டாம். நான்கு காலும் பலகையில் இருக்கும்வரை கயிறு தளர்வு. ஒரு கால் இறங்கினாலும் தூக்கி அதே இடத்தில் வையுங்கள். முதல் நாள் பத்து விநாடி நின்றாலே போதும்.

2. பலகை என்றால் நிற்பது என்று புரிந்தபின், நிறுத்தும் கணத்தில் 'வோ' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும், ஒரே முறை. 'வோ, வோ, வோ' என்று அடுக்கினால் மூன்றாவது தடவைதான் கட்டளை என்று நாய் கணக்கு வைத்துக்கொள்ளும்.

3. நீங்கள் அசையத் தொடங்குங்கள்: ஒரு அடி முன்னால், பிறகு சுற்றிலும், பிறகு புல்லை உதைத்தபடி, பிறகு தொப்பியை எறிந்தபடி. நாய் நகர்ந்தால் கோபமில்லாமல் தூக்கிக்கொண்டுபோய் நகர்ந்த இடத்தில் அல்ல, முதலில் நின்ற இடத்திலேயே வையுங்கள்.

4. விடுவிப்பது எப்போதும் பக்கத்தில் வந்து விலாவைத் தட்டி. நின்ற இடத்திலிருந்து கூப்பிட்டு வரவழைத்தால், அடுத்த முறை நிற்கும்போதே எப்போது கூப்பிடுவார் என்று காது தூக்கி, அங்குலம் அங்குலமாக ஊர்ந்து வரும். பெரும்பாலான ஊரும் நாய்கள் இப்படித்தான் ஆகின்றன.

5. பலகையைப் பாதியாக்குங்கள், பிறகு எடுத்துவிடுங்கள். முற்றத்திலிருந்து வயலுக்குப் போங்கள்.

தினம் பத்து நிமிடம் என்றால் மூன்று நான்கு வாரம் ஆகும். பொத்தானை அழுத்தினால் லேசான மின்னதிர்வு தரும் கழுத்துப்பட்டையான மின் காலர் இதற்குப் பிறகுதான். நாய்க்கு ஏற்கனவே தெரிந்த கட்டளையைத் தூரத்திலிருந்து நினைவூட்ட அது உதவும்; தெரியாததைக் கற்றுத்தர உதவாது. காது லேசாகத் திரும்பும் அளவுதான் சரியான அளவு. நாய் கத்தினால் நீங்கள் அளவு மீறிவிட்டீர்கள். பறவைக்கு அருகே முதல் ஆண்டில் அந்தப் பொத்தானைத் தொடவே வேண்டாம்.

புறாவும் விசைக்கூண்டும்

இனி பறவையும் நிற்பதும் சேரும் இடம். லாஞ்சர் என்ற விசைக்கூண்டுக்குள் புறாவை வைத்து, புல்லில் மறைத்து, கையில் உள்ள ரிமோட்டால் திறக்கலாம். இரண்டு கூண்டுகள் இருந்தால் நல்லது. வைக்கும்போது கையுறை போட்டு, நாயைக் கொண்டுவரப்போகும் திசைக்கு எதிர்ப்பக்கமாக நடந்துபோய் வையுங்கள்; இல்லாவிட்டால் நாய் உங்கள் காலடி வாடையைப் பிடித்து நேராகக் கூண்டுக்குப் போகக் கற்றுக்கொள்ளும்.

நாயைக் காற்றுக்குக் குறுக்காகக் கொண்டுவாருங்கள். வாடை முகத்தில் அடிக்கும் புள்ளியில் தலை சட்டென்று திரும்பும். அங்கேயே நின்றால் நிற்கட்டும். நீங்கள் மூச்சுவிடாமல் இருங்கள். ஒரு அடி முன்னே வைத்தால் அந்த நொடியில் புறா பறக்க வேண்டும். அதட்டல் இல்லை, இழுப்பு இல்லை. நகர்ந்தால் பறவை போய்விடும் என்பதை நாய் பறவையிடமிருந்தே கற்கிறது. எட்டுப் பத்துப் புறாவுக்குள் பெரும்பாலான நாய்கள் உறைந்து நிற்கத் தொடங்கிவிடும். நாய் மிக அருகில், பத்து அடிக்குள், வந்துவிட்டபோது மட்டும் திறக்காதீர்கள். கூண்டு வெடித்துத் திறக்கும் சத்தம் முகத்தில் அடித்தால் பயம் ஒட்டிக்கொள்ளும்.

நின்றதும் பக்கவாட்டில் வளைந்து அதன் முன்னால் போங்கள். நேர் பின்னாலிருந்து வரும் காலடி நாயை முன்னே தள்ளும். நாய் பார்க்க நீங்கள் புல்லை உதைத்துக் கிளப்பும்போது, கயிற்றைப் பிடித்தவர் நாய் பாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் பருவத்துக்கு, பறவை எழும்வரை நின்றால் போதுமானது. துப்பாக்கி வெடிக்கும்போதும், பறவை விழும்போதும் அசையாமல் நிற்பது இரண்டாம் ஆண்டுப் பாடம். இன்னொரு நாய் நிற்பதைப் பார்த்துத் தானும் நிற்கும் மரியாதையைப் பழக்க, நாய் வடிவில் வெட்டி வெள்ளையடித்த பலகை போதும்.

பழக்கம் எந்த அளவில் இருக்கிறது என்று வெளியாள் கண்ணால் பார்க்க, வேட்டை நாய்களைச் சோதித்து மதிப்பெண் தரும், 1969-ல் தொடங்கிய நாவ்டா அமைப்பின் இயல்புத் திறன் தேர்வுக்கு 16 மாதத்துக்குள் கொண்டுபோகலாம். மூக்கு, தேடல், தடம் பிடித்தல், தண்ணீர், பாயிண்ட், ஆசை, ஒத்துழைப்பு என ஏழும் அங்கே சோதிக்கப்படும். முழு மதிப்பெண் 112. ஏ.கே.சி.யின் ஜூனியர் ஹன்டர் பட்டத்துக்கு நான்கு தேர்ச்சி வேண்டும். மதிப்பெண்ணைவிட, அங்கே வரும் அனுபவசாலிகள் உங்கள் நாயைப் பார்த்துச் சொல்லும் இரண்டு வார்த்தை மதிப்புள்ளது.

முதல் பருவம்

வேட்டைப் பாதுகாப்புப் பாடச் சான்று, மாநில உரிமம், உட்காக் போன்ற வலசைப் பறவைகளுக்குத் தனிப் பதிவு, ஆரஞ்சு நிற மேலாடை, நாய்க்கும் ஆரஞ்சுப் பட்டை: இவை இல்லாமல் களத்தில் இறங்காதீர்கள். பறவைக்கும் கீழே வானம் தெரிந்தால் ஒழிய விசையைத் தொட வேண்டாம். தாழப் பறக்கும் பறவைக்குப் பின்னால் நாய் பாய்ந்துகொண்டிருக்கும்.

முதல் பருவத்தின் ஒரே கடுமையான விதி: நாய் நின்று காட்டிய பறவையை மட்டும் சுடுங்கள். தானாகக் கிளப்பிவிட்ட பறவை எவ்வளவு அழகாக, எவ்வளவு அருகில் எழுந்தாலும் துப்பாக்கி இறங்கியே இருக்கட்டும். கிளப்பியதைச் சுட்டு வீழ்த்தினால், ஆறு மாதம் புறாவிடம் கற்றதை ஒரே மதியத்தில் நாய் மறந்துவிடும். நாள் முழுக்க நடந்து வெறுங்கையோடு திரும்பும்போது இந்த விதி கசக்கும். அதைக் காப்பாற்றுபவர்களின் நாய்தான் மூன்றாம் வயதில் மற்றவர்கள் பேசும் நாயாகிறது.

வயலுக்குள் எப்போதும் காற்று உங்கள் முகத்தில் படும் பக்கத்திலிருந்து நுழையுங்கள். காடை நின்ற இடத்தில் நிற்கும்; ஃபெசன்ட் ஓடும். நாய் நின்று, சற்று நகர்ந்து, மறுபடி நின்றால் அது தவறல்ல. ஓடும் பறவையைத் தொடர்கிறது. இளம் நாய்க்கு ஃபெசன்ட்டை விடக் காடை நல்ல பாடசாலை. கிரவுஸ் என்ற காட்டுப் பறவை வாழும் அடர்ந்த காட்டில் நாய் கண்ணில் படாது. கழுத்து மணி நின்றுபோனால் பாயிண்ட் என்று பொருள். ஜிபிஎஸ் காலர் இருந்தால் இன்னும் நிம்மதி.

உடம்பைக் காப்பது

பருவத்துக்கு ஆறு வாரம் முன்பே ஓட்டத்தைத் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினால் பாதம் கெட்டிப்படும். ஒரு வயதுக்குள் சைக்கிளுக்குப் பின்னால் ஓடவிட வேண்டாம், எலும்பு முற்றியிருக்காது. புரதம் 30, கொழுப்பு 20 விழுக்காடு கொண்ட உலர் தீவனம் பருவகாலத்துக்குச் சரி. முக்கிய உணவு சாயங்காலம், வேட்டை முடிந்து ஒரு மணி நேரம் ஓய்ந்த பிறகு. வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடும் நாய்க்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

பருவத் தொடக்கத்தின் வெயில் நாயைக் கொல்லும். நாக்கு அகலமாக விரிந்து தொங்குவது, கெட்டியான எச்சில், கூப்பிட்டதும் தடுமாறுவது: உடனே நிழல், வயிறும் தொடையிடுக்கும் நனையத் தண்ணீர், விசிறல். ஈரத்துண்டால் போர்த்தி வைக்க வேண்டாம், வெப்பம் உள்ளேயே தங்கும். ஆசனவாய் வெப்பநிலை ஓய்வில் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஓய்வு கொடுத்தும் இறங்காமல் 106-ஐ ஒட்டி நின்றால், குளிர்வித்துக்கொண்டே மருத்துவரிடம்.

ஒவ்வொரு நாளும் வண்டியில் ஏற்றும் முன் விரலிடுக்கு, காது, கண்ணிமை, அக்குள் ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். புல்லின் கூர்விதை ஒன்று தோலுக்குள் நுழைந்தால் முன்னோக்கி மட்டுமே நகரும். வாரங்கள் கழித்து நெஞ்சிலோ முதுகிலோ சீழாக வெளிப்படும். முள்ளம்பன்றி முள்ளைக் கத்தரித்தால் எளிதாக வரும் என்ற பழைய பேச்சை நம்ப வேண்டாம். வேரோடு குறட்டால் பிடித்து நேராக இழுக்க வேண்டும், வாய்க்குள் இருந்தால் மயக்கமருந்தோடு மருத்துவர்தான். பையில் குறடு, கண் கழுவும் உப்புநீர், ஒட்டிக்கொள்ளும் கட்டுத்துணி, வெப்பமானி இருக்கட்டும்.

ஈத்து எடுக்க நினைத்தால்

பெட்டைக்கு இரண்டு வயது முடிந்து, இடுப்புச் சான்று கையில் வந்து, காட்டுப் பறவைமேல் குறைந்தது ஒரு முழுப் பருவம் வேட்டையாடிய பிறகு யோசியுங்கள். அதன் குறையை முதலில் எழுதிவையுங்கள்: தூரம் போகிறதா, சீக்கிரம் களைக்கிறதா, கொண்டுவர மறுக்கிறதா? அந்தக் குறை இல்லாத கடுவனைத் தேடுங்கள். அருகில் இருக்கிறது, அழகாக இருக்கிறது என்பதற்காகச் சேர்த்தால் இரண்டின் குறையும் குட்டிகளில் இரட்டிப்பாகும்.

இரண்டுக்கும் புருசெல்லா கிருமிச் சோதனை கட்டாயம். நாள் கணக்கை நம்பாமல் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவு பாருங்கள். மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமை ஒட்டி வரும்போது கருமுட்டை வெளிப்படுகிறது. இரண்டு நாள் கழித்துச் சேர்ப்பது சரியான நேரம். அந்த வெளிப்பாட்டிலிருந்து சுமார் 63 நாளில் ஈனும். சினைக்காலத்தில் கால்சியம் மாத்திரை கொடுக்காதீர்கள். உடம்பு தன் கால்சியத்தை எடுத்துப் பயன்படுத்தும் பழக்கத்தை இழந்து, பால் கொடுக்கும் வாரங்களில் வலிப்பு வரும். உடல் வெப்பநிலை 99 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் 24 மணி நேரத்துக்குள் பிரசவம். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டால் மருத்துவரை எழுப்புங்கள். முதல் வாரம் பெட்டிக்குள் 85 முதல் 90 டிகிரி வெப்பம். காலையும் மாலையும் சமையல் தராசில் எடை. முதல் நாளுக்குப் பிறகு எடை குறையும் குட்டிக்குத் தனியாகப் பால் புகட்ட வேண்டும். இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் வாரங்களில் குடற்புழு மருந்து.

ஐந்தாம் வாரத்திலிருந்து குட்டிகளைப் புல்வெளிக்குத் திறந்துவிடுங்கள், ஆறாம் வாரத்தில் ஒரு காடையைக் காட்டுங்கள். எது எட்டிப் பார்த்தது, எது நின்றது என்று குறித்துவையுங்கள். குட்டியை வாங்க வருபவரிடம் பதிவுத்தாள், பெற்றோரின் சான்றுகள், மருந்து அட்டை, ஒரு வாரத் தீவனம், தாயின் வாசனை படிந்த துணி ஒன்று, கூடவே அந்தக் குறிப்பேட்டின் நகலையும் கொடுத்தனுப்புங்கள். முதல் பாயிண்டின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டுவையுங்கள். அடுத்த சேர்க்கையில் எந்தக் கடுவனைத் தேடுவது என்று முடிவெடுக்க அந்தப் படங்கள் தேவைப்படும்.